சாவிகளுக்கு நடுவே கமகம்

ஊரறிந்த பழைய பாட்டை எடுத்துத் தம் வழியில் வாசித்துக் காட்டுவது ஜாஸ் கலைஞர்களின் வழக்கம். அந்தப் பாட்டுகளுக்கு 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று பெயர். அமெரிக்காவின் ஜே.ஜே. ஜான்சன் டிராம்போனில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். கச்சேரி ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 'வாதாபி'யை நூறு முறை கேட்டவர் மறுபடியும் போய் உட்காருவது பாட்டுக்காகவா? பாடுகிறவருக்காக.

'வாதாபி' என்றதும் நினைவுக்கு வருபவர் பாலக்காட்டை அடுத்த கோட்டாயியின் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974). அவருடைய சீடர் டி.வி. கோபாலகிருஷ்ணன். அவரிடம் சென்னையில் பாடம் கேட்டவர் மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத். செம்பையின் கம்பீரக் குரல்வழி இப்படித்தான் ஒரு ஜாஸ் வாத்தியத்துக்குள் புகுந்தது.

வாத்தியம் டிராம்போனாக இருந்திருந்தால் வேலை சுலபம். கேரளத்துத் தேவாலயப் பெருநாள் பேண்டுகளில் பார்க்கலாம்: குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். கமகத்துக்கென்றே செய்தது போலிருக்கும். சாக்ஸபோன் நேர் எதிர். உடம்பெல்லாம் சாவி; ஸ்வரங்களைத் தனித்தனியாக நறுக்கிக் கொடுக்கும் வாத்தியம். நாகஸ்வரக்காரரின் மகனான கத்ரி, மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கியது இந்த வம்புக்கார வாத்தியத்தில்தான். சாவிகளில் சில மாற்றங்கள் செய்தார். மீதியை உதடும் மூச்சும் பார்த்துக்கொண்டன. அதற்குப் பல வருட சாதகம் தேவைப்பட்டது. பேண்டு வாத்தியத்துக்குச் சபாவில் என்ன வேலை என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜான் ஹேண்டியுடன் வாசித்தார். 1994இல் லண்டன் பி.பி.சி. ப்ராம்ஸ், அதே ஆண்டு 'டூயட்' படம். பத்மஸ்ரீ 2004இல் வந்தது.

ஜாஸ் கலைஞர்களுடனான பதிவுகளில் தேறுவது 2008இல் வெளியான 'கின்ஸ்மென்'. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் அவரும் சேர்ந்து வாசித்தது. கன்னியாகுமரியின் வயலின் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்காமல் நிஜமாகவே மோதுகிறார்கள். இந்த மாதிரிக் கூட்டணிகளில் அது அபூர்வம்.

ஆனாலும் கத்ரியின் அசல் சாதனை, துணைக்கு ஜாஸ் இல்லாத கீர்த்தனைப் பதிவுகளில் இருக்கிறது. 2019 அக்டோபர் 11இல் அவர் காலமானார். அந்தப் பதிவுகளில் துரித ஸ்வரங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். விளம்ப காலத்தில் ஒரு காந்தாரம் மெல்ல அசையும் இடத்தைக் கேட்க வேண்டும். அங்கே சாவி இருப்பதே தெரிவதில்லை.