வாசலில் சுங்கம், உள்ளே சம்பளம்!

“முப்பது லட்சம் ஆகுமாம் அண்ணே! வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பாங்கியிலே கொடுப்பார்களாம். வைத்து விடட்டுமா?”

சென்ற மாதம், கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குகிற நேரத்தில், தோழர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்ட கேள்வி இது. பேருந்துப் பணிமனையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இரும்போடு மல்லுக்கு நிற்பவர். அவருடைய மகள் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து விட்டாள். ஐரோப்பாவுக்குச் சென்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஏஜெண்டு ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கணக்கின் அடியிலே ஒரு கோடு. கோட்டின் கீழே முப்பது லட்சம்!

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். பார்த்துவிட்டுச் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. அது டாக்டர் பட்டத்துக்கான கணக்கே அல்ல. இங்கே ஒரு முறை படித்து முடித்த அதே எம்.ஏ.வை, அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டி இன்னொரு முறை படிப்பதற்கான கணக்கு! “பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், தோழரே” என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை அவருக்கு மட்டும் சொன்னால் போதாது, அவரைப் போன்ற ஆயிரம் பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதால் இன்று இதை எழுதுகிறோம்.

ஆலந்து நாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர் பெரும்பாலும் மாணவர் அல்லர், பணியாளர்! வேலை ஒப்பந்தம் உண்டு. மாதச் சம்பளம் உண்டு. வரிப் பிடித்தத்துக்கு முன்னே ஏறத்தாழ 3,000 யூரோ. விடுமுறை உண்டு, ஓய்வூதியச் சந்தா உண்டு, தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையும் உண்டு. சுவீடனிலும், டென்மார்க்கிலும், நார்வேயிலும் இதே முறைதான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அரையாண்டுக்கு ஒரு முறை சிறு தொகை ஒன்றைச் சந்தாவாகக் கட்டினால் போதும். பான் நகரிலும் மான்ஹைம் நகரிலும் இதற்கென்றே தனிப் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் பாடம், பிறகு ஆராய்ச்சி. செலவுக்கு உதவித்தொகையோ, அரை வேலையோ, முக்கால் வேலையோ.

இங்கிலாந்து மட்டும் தனிக் கதை. அங்கே டாக்டர் பட்டத்துக்கும் கட்டணம் உண்டு, வெளிநாட்டாருக்கு அது அதிகமும் கூட. உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் கப்பல் ஏறலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

“அப்படியானால் அது தர்ம சத்திரமா? யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமா?” என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! மாளிகைக்குள்ளே சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் மாளிகை வாசலிலே சுங்கம் வாங்குகிறார்கள். அந்தச் சுங்கம் எது என்று தெரியாததால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் வழிப்பறிக்கு ஆளாகிறார்கள்.

அமெரிக்காவில் முதல் பட்டம் முடித்தவரை நேரே டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக் கொள்வது வழக்கம். ஐரோப்பாவிலோ, 1999ஆம் ஆண்டு பொலோனியா நகரில் கூடி ஒப்புக் கொண்ட ஏற்பாட்டின் வழியே, முதல் பட்டம், மாஸ்டர் பட்டம், அதன் பிறகே டாக்டர் பட்டம் என்று மூன்று படி. மூன்றாம் படியில் சம்பளம், இரண்டாம் படியில் கட்டணம்! சுவீடன் 2011 வரை எந்த நாட்டாரிடமும் கட்டணம் வாங்கியதில்லை. அந்த ஆண்டிலிருந்து ஐரோப்பியர் அல்லாதாரிடம் வாங்குகிறது. நார்வே 2023இல் அதே வழியில் இறங்கியது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கேட்கிறது. ஆனால் இந்த மூன்று இடங்களிலும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அந்தக் கட்டணம் இல்லை. போதாக்குறைக்கு, சம்பளமோ உதவித்தொகையோ இல்லாமல் ஜெர்மனிக்குப் படிக்கச் செல்பவர், விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024இல் விதித்தார்கள். ஒப்பந்தம் கையில் உள்ளவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இப்போது புரிகிறதா, ஏஜெண்டு ஏன் இரண்டாம் படியைப் பற்றி மட்டுமே பேசுகிறார் என்று? கட்டணம் உள்ள இடத்தில்தான் கமிஷன் பிறக்கும். சம்பளம் கொடுக்கிற இடத்தில் அவருக்கு என்ன கிடைக்கும்? அவரைத் திட்டி நாம் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறார். விவரம் தெரிந்து கொள்வது நம் வேலை.

சரி, இத்தனை பாடுபட்டு ஒரு தொழிலாளி வீட்டுப் பெண் பொருளாதாரத்தில் டாக்டராக வேண்டிய அவசியம் என்ன? ஆசிரியர் வேலையோ, குமாஸ்தா வேலையோ தேடிக் கொள்ளக் கூடாதா? கேட்கிறார்கள், நம் தோழர்களிலேயே கேட்கிறார்கள்.

கிரேக்க நாட்டைப் பாருங்கள் என்கிறோம். 2012 பிப்ரவரியில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி, அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக வெட்டினார்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட தொழிலாளிக்கு வெட்டு இன்னும் ஆழம். செலவைச் சுருக்கினால் நாடு தேறும் என்று கணக்குப் போட்டவர்கள் யார்? பொருளாதார டாக்டர்கள்! மறு ஆண்டு ஜனவரியில் சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞர் பிளாஞ்சார்டும், உடன் பணியாற்றிய லீயும் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். சிக்கனத்தால் உற்பத்தி எவ்வளவு விழும் என்பதைக் குறைவாக மதிப்பிட்டு விட்டார்கள் என்பது அதன் சாரம். கணக்கு தவறியது காகிதத்தில். காய்ந்தது ஏதென்சுத் தொழிலாளியின் அடுப்பு!

அதே 2013இல் இன்னொன்றும் நடந்தது. நாட்டின் கடன், வருமானத்தில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்து விடும் என்று ஹார்வர்டு பேராசிரியர்கள் இருவர் 2010இல் எழுதியிருந்தார்கள். சிக்கனம் பேசிய அமைச்சர்கள் ஐரோப்பா எங்கும் அதை எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். வரவில்லை. மூலக் கணக்கேட்டையே வாங்கிப் பார்த்தார். ஐந்து நாடுகளின் புள்ளிகள் கூட்டலில் விடுபட்டுக் கிடந்தன! அமைச்சர்களுக்குத் தோன்றாத சந்தேகம் ஒரு மாணவருக்குத் தோன்றிற்று. தோன்றினால் மட்டும் போதுமா? கணக்கேட்டைத் திறந்து சரிபார்க்கும் பயிற்சி வேண்டாமா? அந்தப் பயிற்சிக்குத்தான் தோழர் மகள் விண்ணப்பிக்கிறாள்.

இந்தத் துறையின் வரலாறு முழுவதும் பிரபு வீட்டுப் பிள்ளைகளின் வரலாறு என்று எண்ணி விடாதீர்கள். பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசு 1969இல் இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் நார்வே நாட்டு ராக்னர் ஃபிரிஷ். பொற்கொல்லர் குடும்பம், அவரும் ஆஸ்லோ நகரில் பட்டறையில் தொழில் பழகித் தேர்ந்தவர். மற்றவர் ஆலந்து நாட்டு டின்பெர்கன். ராணுவத்தில் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று மறுத்து, அதற்கு ஈடாகச் சிறை நிர்வாகத்திலும் புள்ளிவிவர அலுவலகத்திலும் பணி செய்தவர், சோஷலிஸ்டு, 1929இல் லைடன் பல்கலைக் கழகத்தில் அவர் பெற்றது பௌதிகத்துக்கான டாக்டர் பட்டம்! அவர் பெயரால் ஆம்ஸ்டர்டாமிலும் ராட்டர்டாமிலும் மூன்று பல்கலைக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் டின்பெர்கன் கழகம் இன்றும் விண்ணப்பங்களைக் கேட்கிறது.

நம் அம்பேத்கர்? லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1916இல் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் பாதியில் திரும்பினார். பம்பாயில் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும், நண்பர் தந்த கடனோடும் 1920இல் மீண்டும் போனார். 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள் என்ன தெரியுமா? ரூபாய்!

பணத்தைப் போலவே வழி மறிக்கும் இன்னொரு சுங்கம் கணிதம். ஐரோப்பியப் பொருளாதாரப் பள்ளியின் முதலாண்டுப் பாடத்தைப் பார்த்தால், இது பொருளாதாரமா கணக்கா என்று மயக்கம் வரும். பார்சலோனா பேராசிரியர் மாஸ்-கொலல் இருவரோடு சேர்ந்து 1995இல் எழுதிய நூல் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் நிரூபணம்! ஆகவே எம்.ஏ. மதிப்பெண் பட்டியலை எடுத்ததும் அவர்கள் தேடுவது நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, மெய்யெண் பகுப்பாய்வு. இவை இல்லாதவர் ஓராண்டு செலவிட்டாவது கற்றாக வேண்டும். பல பள்ளிகள் ஜி.ஆர்.இ. தேர்வில் கணக்குப் பகுதியின் மதிப்பெண்ணையும் பார்க்கின்றன; முழு மதிப்பெண் 170. அந்தத் தேர்வுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதை எழுதாமலே சேர்த்துக் கொள்ளும் இடங்களும் உண்டு. அவற்றைத் தேடிப் பிடித்தால் அந்தப் பணம் மிச்சம். விண்ணப்பக் கட்டணமே கேட்காத இடங்களும் பல.

பிறகு, சிபாரிசுக் கடிதம். நம் ஊர்ச் சிபாரிசு அல்ல இது! இரண்டு அல்லது மூன்று பேராசிரியர்கள், மாணவர் கண்ணில் படாமல், தாங்களே நேரே அனுப்ப வேண்டிய கடிதம். என்ன ஆராய்ச்சி செய்தாள், எந்தக் கணக்கில் எங்கே திணறினாள், எப்படி மீண்டாள் என்று விவரமாக இருக்க வேண்டும். தோழர் மகள் தன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டாள். “நீயே எழுதிக் கொண்டு வா அம்மா, கையெழுத்துப் போடுகிறேன்” என்றாராம். பெருந்தன்மை என்று எண்ணியிருப்பார்! நல்ல பெண், ஒழுக்கமானவள், உழைப்பாளி என்று நான்கு வரி எழுதினால், அங்கே அதை ஒதுக்கி வைத்து விட்டு அடுத்த உறையைப் பிரிப்பார்கள்.

அவள் இப்போது வேறொரு காரியம் செய்திருக்கிறாள். ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஓராண்டுக்கு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் சொற்பம். ஆனால் அவள் வேலையை அருகிருந்து பார்க்கிற ஒருவர் கடிதம் எழுதுவார். மாலையில் கணித வகுப்பு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். ஆறும் சம்பளமோ உதவித்தொகையோ தருகிற இடங்கள். அவள் எழுதிய ஆராய்ச்சிக் குறிப்பை நமக்குப் படித்துக் காட்டினாள். போக்குவரத்துத் தொழிலாளரின் கூடுதல் நேரக் கூலியைப் பற்றியது. நமக்குப் பாதிதான் புரிந்தது. அருகிலிருந்த தோழருக்கு முழுவதும் புரிந்தது. ஓரிடத்தில் மகளை நிறுத்தி, “பணிமனையிலே இரவு ஷிப்டுக்கு அப்படிக் கணக்குப் போடுவதில்லை அம்மா” என்று திருத்தினார். அவள் பேனாவை எடுத்துக் குறித்துக் கொண்டாள்.