கூடத்தில் விழுந்தவர்கள் யார்?

வீடியோ விளையாட்டையும் கணிப்பொறி படைக்கும் மாய உலகையும் களமாகக் கொண்ட அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிப் பெரியோர் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு: 'இவை இளைஞரை மெய்யுலகை மறக்கச் செய்கின்றன.' இதில் எனக்கு உடன்பாடில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்தவனும் தன் உலகைச் சற்று மறந்தவன்தான். மறதி ஒரு குற்றமன்று. என் வழக்கு வேறு. இப்படங்கள் மிகப் பெரிய அறக்கேள்வி ஒன்றைக் கையில் எடுக்கின்றன. 'என் எதிரே நிற்பவன் மெய்யா, பொம்மையா? மெய்யென்றால் அவனுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?' என்பதே அக்கேள்வி. ஆனால் விடை சொல்ல வேண்டிய வேளையில் பெரும்பாலான படங்கள் துப்பாக்கியை நீட்டிவிட்டு நழுவிவிடுகின்றன.

இவ்வகைப் படங்களின் முன்னோடி நழுவவில்லை. 1982இல் ஸ்டீவன் லிஸ்பெர்கர் இயக்கிய 'ட்ரான்' படத்தில், விளையாட்டுகளை ஆக்கிய ஃப்ளின் என்பவன் கணிப்பொறிக்குள்ளேயே இழுக்கப்படுகிறான். வெளியே இருந்தபோது அவன் விரல்நுனியில் சிதறிய காய்களுக்கு உள்ளே முகம் இருக்கிறது, அச்சம் இருக்கிறது, சாவும் இருக்கிறது. ஆடியவனே காயாகிறான். அதன் கதை எளியது, சில இடங்களில் சிறுபிள்ளைத்தனமானதுங்கூட. எனினும் கேட்க வேண்டியதை அது கேட்டது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1999இல், 'மேட்ரிக்ஸ்' வந்தது. இயந்திரங்கள் மனிதரைக் கூடுகளில் கிடத்தி, அவர்தம் உடலாற்றலை உறிஞ்சுகின்றன. அவர்களுடைய மூளைக்கு ஒரு நகர வாழ்வைக் கனவாக ஊட்டுகின்றன. விழித்தெழுந்த சிலர் மற்றவரை விடுவிக்கப் போராடுகின்றனர். கனவில் மாண்டவரின் உடலும் மாளும் என்பது அப்படமே வகுத்துத் தரும் விதி. இவ்விதியை நினைவில் கொண்டு, பலரும் வியந்து போற்றும் அந்த நுழைவுக் கூடக் காட்சியை மீண்டும் பாருங்கள். தலைவரை மீட்க வந்த நியோவும் டிரினிட்டியும் காவலரையும் படைவீரரையும் சுட்டுத் தள்ளுகின்றனர். தூண்கள் பொடிகின்றன, தோட்டாக்கள் மழையாய்ப் பொழிகின்றன, இசை முழங்குகிறது. அங்கே விழுந்தவர்கள் யார்? அவர்கள் இயந்திரத்தின் ஏவலாட்களான நிரல்கள் அல்லர். எங்கோ ஒரு கூட்டில் உறங்கிக் கொண்டிருந்த மனிதர்கள். யாரை விடுவிக்கப் புறப்பட்டார்களோ, அவர்களையே கொன்றுவிட்டு இருவரும் மின்தூக்கியில் ஏறுகின்றனர். எவருக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

'தலைவர் மார்ஃபியஸ் இதை முன்னரே விளக்கிவிட்டாரே! விடுபடாதவர் அனைவரும் அந்த அமைப்பின் பகுதியினர், ஆகவே பகைவர் என்று சொல்லிவிட்டாரே!' என்று படத்தின் அன்பர்கள் வாதிடுவர். ஆம், சொன்னார். கொலைக்கு முன்பே காரணம் சொல்லிவிட்டால் கொலை நியாயமாகிவிடுமா? 'அவர்கள் அறியாதவர்கள், எனவே நம் வழியில் நிற்பவர்கள்' என்ற சொல்லோடு தொடங்காத படுகொலை வரலாற்றில் அரிது. அப்படம் உலகெங்கும் 46 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நான்கு ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. அதன் கலைத்திறனை நான் மறுக்கவில்லை. அத்திறன் எதை மறைக்கப் பயன்பட்டது என்பதே என் கேள்வி.

அதே 1999இல் கனடிய இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க்கின் 'எக்சிஸ்டென்ஸ்' வெளிவந்தது. சதையால் ஆன ஒரு கருவியை முதுகெலும்பில் பொருத்திக்கொண்டு ஆடும் விளையாட்டு அதில் வருகிறது. ஆட்டத்தின் உந்துதலால் நாயகன் உணவகப் பணியாளன் ஒருவனைச் சுடுகிறான். படத்தின் முடிவில், பணியாளனாக ஆடிய மனிதனே துப்பாக்கி முனையில் நிற்கிறான். 'சொல்லுங்கள், நாம் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறோமா?' என்று அவன் கெஞ்சுகிறான். விடையின்றிப் படம் முடிகிறது. மேட்ரிக்ஸ் பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்கும் அதற்குக் கிட்டவில்லை. ஆயினும் சுடப்படுபவனைப் பேசவிட்ட படம் அதுவே.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2018இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ரெடி பிளேயர் ஒன்' படத்தைத் தந்தார். கதை நிகழும் ஆண்டு 2045. இடம் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம். வண்டி வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சேரியில் ஏழைகள் வாழ்கின்றனர். முகத்தில் கருவியை மாட்டிக்கொண்டு 'ஒயாசிஸ்' என்ற மாய உலகில் உலவுகின்றனர். நாயகனைக் கொல்ல நினைத்த நிறுவனத்தார் சேரியின் ஓர் அடுக்கையே வெடி வைத்துத் தகர்க்கின்றனர். அவனை வளர்த்த சிற்றன்னை மாள்கிறார். அந்தத் துயரத்துக்குப் படம் ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். உடனே அடுத்த புதிருக்கு ஓடுகிறது. இறுதியில் மாய உலகின் உரிமை முழுவதும் நாயகனின் கைக்கு வருகிறது. அவன் கொண்டுவரும் பெரிய சீர்திருத்தம் என்ன? செவ்வாயும் வியாழனும் ஒயாசிஸுக்கு விடுமுறை! மெய்யுலகில் வாழப் பழகுங்கள் என்கிறான். எந்த மெய்யுலகில்? அந்தச் சேரியிலா? அதை மாற்றுவது பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பொழுதுபோக்குப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பீர்கள். எதிர்பார்க்கலாம், சான்றும் உண்டு. 1983இல் வெளியான 'வார்கேம்ஸ்' படத்தில் ஒரு சிறுவன் விளையாட்டென்று எண்ணி இராணுவக் கணிப்பொறியோடு அணுப்போர் ஆடுகிறான். உலகம் அழிவின் விளிம்புக்குப் போகிறது. அதைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், 'இது உண்மையில் நிகழுமா?' என்று தம் படைத்தளபதியிடம் கேட்டார். நிகழக்கூடும் என்ற விடை வந்தது. 1984இல் அரசுக் கணிப்பொறிகளின் பாதுகாப்புக்கான ஆணை பிறந்தது. ஆட்டத்துக்கும் உயிருக்கும் இடையே உள்ள கயிற்றை அறுக்காமல் காட்டியதால் ஒரு படம் பெற்ற வலிமை இது.

இக்கயிறு இன்று முன்னிலும் இன்றியமையாதது. நெவாடா பாலைவனத்தில் நாற்காலியில் அமர்ந்து, ஆப்கானிஸ்தான் வானில் ஆளில்லா விமானத்தைச் செலுத்தியவர்கள், மனிதரைத் திரையில் நகரும் சிறு உருவங்களாகவே கண்டனர். அத்திரையின் முன் அமர்பவன் எந்தப் பழக்கத்தோடு அமர்கிறான் என்பது உயிர்ச் சிக்கல் அன்றோ?

ஆகவே, அன்பு வாசகரே, உங்கள் பிள்ளைகள் இப்படங்களைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். பார்த்து முடித்த பின் அருகில் அமர்ந்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: 'அந்தக் கூடத்தில் விழுந்தார்களே, அவர்கள் யார்?' கேள்வியைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பிள்ளை, மெய்யுலகை மறக்கவில்லை என்று பொருள்.