கேமராவை மூடினால் கவனம் போய்விடுமா?

ஊரில் இருந்தபடி வேலை பார்க்கும் ராஜபாளையம் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பெருநகர அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு: வேலையில் கெட்டி, மீட்டிங்கில் எடுபடுவதில்லை. கேமராவை அணைத்துவிடுகிறார்கள், கேட்டால் சட்டென்று பதில் வராது, பின்னால் ஒரே சத்தம், ஆங்கிலமும் தடுமாறுகிறது. ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வரட்டும். 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு சோழபுரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் திரும்பியவர்கள் காலத்திலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. பிரித்துப் பார்த்தால் இதில் தேறுவது கொஞ்சம்தான்.

முகம் தெரிந்தால்தான் கவனம் இருக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. கேமராவைத் திறந்து வைத்த நாட்களில் அவர்கள் கூடுதலாகக் களைத்தார்கள். களைத்தவர்களின் பேச்சும் ஈடுபாடும் குறைந்தன. பெண்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அந்தக் களைப்பு அதிகம் வாட்டியது. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 99 ஜோடிகளுக்குச் சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முகம் பார்த்துப் பேசியவர்களைவிட, குரலை மட்டும் கேட்டவர்கள் பேச்சைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். போனிலேயே சரக்குப் பேசி முடிக்கும் தளவாய்புரத்து நைட்டி வியாபாரிகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதோடு, பட்டாசலே படுக்கையறையாகவும் இருக்கும் வீட்டில் கேமராவைத் திறந்தால் அம்மா அடுப்படிக்குப் போகவே யோசிக்க வேண்டியிருக்கும். முதல் அறிமுகத்துக்கும், மனக்கசப்பைப் பேசித் தீர்க்கவும் முகம் வேண்டும்தான். தினசரிக் காலை மீட்டிங்குக்கு எதற்கு?

அடுத்தது, ‘உடனே பதில் சொல்வதில்லை’ என்ற புகார். மற்றவற்றைவிட இதுதான் அநியாயமானது. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் நேரம், நொடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஜூமில் அது கிட்டத்தட்ட அரை நொடி ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒரே ஒரு கோடு சிக்னல் காட்டும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அந்த வரம்பைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனையில், இணைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். தாமதம் 1.2 நொடியானபோது, அவர் கவனமில்லாதவர், கலகலப்பில்லாதவர் என்று பதில் வந்தது. கோளாறு இணைப்பில், பழி ஆள் தலையில்! மேலாளர் இரண்டு நொடி மௌனமானால் யோசிக்கிறார் என்பார்கள். சோழபுரத்துப் பெண் அப்படி இருந்தால் தயங்குகிறாள் என்பார்கள்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு முதலில் மீட்டிங்கை நடத்துபவருடையது. “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டால், நல்ல இணைப்பு உள்ளவர் முந்திக்கொள்வார். பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பதில் சொல்பவரும் “சொல்றேன் சார்” என்று முதலில் குரல் கொடுத்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வரலாம், பேச்சு கைநழுவாது. குரலை அனுப்ப நொடிக்கு 100 கிலோபிட் போதும். 720பி வீடியோவுக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். இணைப்பு திணறும்போது கேமராவை அணைப்பதை அவமரியாதை என்பது, புரியாமல் சொல்வது.

சத்தம் உண்மை. தறி ஓடும், பஸ் ஹார்ன் அடிக்கும், பொங்கல் விழா என்றால் குழாய் ஸ்பீக்கர் காலையிலேயே தொடங்கிவிடும். ஆனால் அதற்குத் தனி அறையும் வேண்டாம், நகரமும் வேண்டாம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். சுற்றுச் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். முழம் தள்ளியிருக்கும் மடிக்கணினி மைக்கைவிட, வாயருகே தொங்கும் வயர் இயர்போன் எவ்வளவோ மேல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தத் தேதியைக் குழுவின் காலண்டரில் போட்டுவிட்டால் ‘திடீரென்று காணாமல் போனான்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆங்கிலத்தில் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. பேசப்போகும் நான்கு விஷயங்களை முந்தின நாளே எழுதி அனுப்பினால் அதில் பாதி மறைந்துவிடும். ஐந்து பேரும் தமிழர்களாக இருக்கிற மீட்டிங்கில் எல்லோரும் ஆங்கிலத்தில் திண்டாடுவது ஏன் என்பதையும் யாராவது கேட்கலாம்.

அலுவலகத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்பது கடைசி வாதம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இலேயே அலுவலகம் திறந்தது மென்பொருள் நிறுவனமான ஜோஹோ. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியேறி, அங்கிருந்தபடி சில ஆண்டுகள் நிறுவனத்தை நடத்தினார். அவர் முதலாளி, அவர் பேசக் காத்திருப்பார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் சிக்கல் ஊரில் இல்லை, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆறு பேர் ஓர் அறையில் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேச, ஏழாமவர் மட்டும் திரையில் தொங்கும் மீட்டிங்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்த ஆறு பேரும் தத்தம் கணினியில், தத்தம் ஹெட்செட்டோடு சேரட்டும். முடிவானதை அன்றே எழுத்தில் போட்டு, ஏழாமவரிடமும் சரிதானா என்று கேட்கட்டும்.