விளையாட்டுப் பொருளென்னும் பழி

மௌத் ஆர்கன் என்று மக்கள் வழங்கும் ஹார்மோனிகாவைச் சிறுவர் ஊதித் திரியும் விளையாட்டுப் பொருளென இகழ்வார் இன்றும் உளர். அவர்தம் வாதம் புதியதன்று. அமெரிக்க இசைக்கலைஞர் தொழிற்சங்கமே 1940களின் பிற்பகுதி வரை அதனை இசைக்கருவியாக ஏற்கவில்லை. கையில் அடங்குவதும் மலிவாய்க் கிடைப்பதும் ஒரு கருவிக்குக் குற்றமாகுமா? குற்றமெனின் புல்லாங்குழலையும் அல்லவா அரங்கினின்று விரட்ட வேண்டும்! ஹார்மோனிகாவின் உள்ளிருந்து ஒலிப்பது காற்றில் அதிரும் உலோக நாக்கு. அதே இனத்து நாக்குத்தான் கருநாடக இசையரங்கின் சுருதிப் பெட்டியிலும் ஒலிக்கிறது. அங்கே அதனைப் பழிப்பார் எவருமிலர்.

இப்பழியைச் சொல்லால் அன்றி வாசிப்பால் மறுத்தவர் பெல்ஜிய நாட்டு ஜாஸ் கலைஞர் டூட்ஸ் தீல்மான்ஸ் (1922–2016). பிரசல்ஸ் நகரில் பெற்றோர் நடத்திய காப்பிக்கடையில் குழந்தைப் பருவத்திலேயே அக்கார்டியனைத் தொட்டவர் அவர். பின்னர்க் கிதாரிலும் பெயர் பெற்று, 1950களில் பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் இடம்பெற்றார். கிதாரே போதுமென அவர் நின்றிருக்கலாம். பிழைப்புக்கும் அதுவே போதியது. ஆயினும் சிறு கருவியை அவர் கைவிட்டாரில்லை.

அவர் தேர்ந்த கருவியை நோக்குக. பன்னிரண்டு துளைகளும் மூன்று ஸ்தாயிகளும் உடைய குரோமாட்டிக் ஹார்மோனிகா அது. துளைக்கு நான்கு நாக்குகளாக மொத்தம் 48. ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் வேறொரு சுரம். பக்கத்து விசையை அழுத்தினால் இரண்டும் அரைச்சுரம் உயரும். சில சுரங்களை ஊதியும் பெறலாம், உறிஞ்சியும் பெறலாம். எந்த மூச்சில் எடுப்பது என்பதை ஜாஸின் விரைவுக்கிடையே கணப்பொழுதில் துணிதல் வேண்டும். இது குழந்தை விளையாட்டா? நான்கு ஸ்தாயி தரும் பதினாறு துளைக் கருவியும் உண்டு. எனினும் ஹோனர் நிறுவனம் தீல்மான்ஸின் பெயரால் வெளியிட்ட இரு வகைகளும், மென்குரல் வகையும் வன்குரல் வகையும், பன்னிரண்டு துளையினவே. பெரிதெல்லாம் சிறந்தது என்பார் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி இசைத்தட்டுகள். 'புளூசெட்' என்னும் அவரது புகழ்மிக்க மெட்டு 1960களின் தொடக்கத்தில் முதலில் பதிவானபோது அதில் ஹார்மோனிகாவே இல்லை. கிதாரை மீட்டியவாறு அதே சுரங்களைச் சீழ்க்கையடித்தார். எதிர்வாதிகள் இதனைப் பற்றிக்கொள்ளலாம். பற்றட்டும். பிற்காலத்தில் அதே மெட்டை அரங்குதோறும் ஹார்மோனிகாவில் வாசித்தவரும் அவரே அல்லரோ?

பில் எவன்ஸின் பியானோவோடு 1978இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த 'அஃபினிட்டி' பலராலும் போற்றப்படுவது. அதன் அமைதி உயர்ந்ததே. ஆயினும் வழக்காடு மன்றத்தில் நிறுத்தத் தக்க சான்று அதுவன்று. 1957ஆம் ஆண்டின் இறுதியிலும் 1958இன் தொடக்கத்திலும் பதிவான 'மேன் பைட்ஸ் ஹார்மோனிகா'வே. அங்கே பெப்பர் ஆடம்ஸ் பாரிடோன் சாக்சபோனை முழக்குகிறார். ஆளின் மார்பளவு நீண்ட பித்தளைக் கருவி அது. அதனருகே உள்ளங்கையளவுக் கருவியோடு நிற்கிறார் தீல்மான்ஸ். கென்னி டுரூவின் பியானோவும் ஆர்ட் டெய்லரின் முரசும் எவருக்கும் சலுகை காட்டவில்லை. அந்தக் குழுவின் நடுவில் ஹார்மோனிகாவின் குரல் ஓரிடத்தும் தாழவில்லை; பித்தளையின் முழக்கத்துக்கு ஈடுகொடுத்து, தன் முறை வந்தபோது முன்சென்று பாடுகிறது.