ஓர் எழுத்துதானே என்று விடலாமா?

'படத்தை அழி' என்றால், கணினியில் இருக்கும் படம் காணாமல் போய்விடும். 'படத்தை அளி' என்றால், அதை யாருக்கோ கொடுக்க வேண்டும். வித்தியாசம் ஓர் எழுத்துதான். விளைவு எவ்வளவு பெரிது பாருங்கள்!

லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவை திறமூல மென்பொருட்கள். இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தித் தரலாம். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கக் குறிப்புகளும் அப்படித்தான். 'நிரல் எழுதுவதுதான் பெரிய வேலை. குறிப்பில் எழுத்துப்பிழை திருத்துவது சில்லறை வேலை' என்று சிலர் நினைக்கின்றனர். நான் அதை ஏற்க மாட்டேன்.

ஏன் தெரியுமா? குறிப்பில் ஒரு கட்டளையின் எழுத்து மாறியிருந்தால், அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் கட்டளை வேலை செய்யாமல் போகலாம். புதிதாகக் கற்பவர், தவறு தன்னுடையது என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். ஒரு சொல் பிழையாக இருந்தால், சரியாக எழுதித் தேடுபவர் கண்ணில் அந்தப் பக்கம் படாமலும் போகலாம்.

காலம் கடந்தால் சில பிழைகளைத் திருத்துவது மிகவும் கடினம். நாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை இணையதளத்துக்குச் சொல்ல, 'ரெஃபரர்' என்ற சொல்லை உலாவிகள் அனுப்புகின்றன. ஆங்கிலத்தில் அதன் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டும். 1996ல் வெளியான இணைய விதிமுறை ஆவணத்தில் ஒரே 'ஆர்'தான் இருந்தது. அதற்குள் பல மென்பொருட்களில் அது புழங்கிவிட்டதால், இன்றும் அந்தப் பிழை அப்படியே தொடர்கிறது!

கணினி மேதை டொனால்டு நூத், தம் புத்தகங்களில் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவார். அதைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பலர். 2008 முதல் காசோலைக்குப் பதில் சான்றிதழ் தருகிறார். அவ்வளவு பெரியவரே பிழை சொல்பவரை மதிக்கும்போது, அதை எப்படிச் சில்லறை வேலை என்பது?

ஆனால், பெயருக்காகத் திருத்தக் கூடாது. 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்பது திறமூல மென்பொருளுக்கு உதவுவோருக்கு டி-சர்ட் பரிசளித்த நிகழ்ச்சி. 2020ல் பலர் பரிசுக்காகத் தேவையில்லாத மாற்றங்களை அனுப்பிக் குவித்தனர். அவற்றைப் பார்த்துத் தள்ளுவதிலேயே மென்பொருளைப் பராமரிப்போரின் நேரம் வீணானது. கடைசியில், நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

எனவே, முதலில் அகராதியைப் பாருங்கள். 'கலர்' என்ற ஆங்கிலச் சொல்லை பிரிட்டனில் ஒரு விதமாகவும், அமெரிக்காவில் வேறு விதமாகவும் எழுதுவர், இரண்டும் சரிதான். நிச்சயமாகத் தெரிந்த பிழையை மட்டும் சொல்லுங்கள். எங்கே, என்ன பிழை, சரியானது எது என்று பணிவாக எழுதுங்கள். சில தளங்களில் கணக்குத் தொடங்க வயது வரம்பு உண்டு. அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் உதவியுடன் அனுப்புங்கள்.

தமிழில் வரும் மென்பொருட்களில் ல, ள, ழ பிழைகளைக் கண்டுபிடிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? தொடங்குங்கள் சுட்டீஸ்!