தொப்பி பழசு, தோல் புதுசு

ரோப்ளாக்ஸ் என்று ஓர் இணைய விளையாட்டு. அமெரிக்காவில் 2006-இல் வந்தது. ஆளுக்கொரு பொம்மை உருவம், அதற்குச் சட்டை, முடி, தொப்பி என்று அலங்காரம். பேரன் பேத்தி இருக்கும் வீடுகளில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே தொப்பிக்கு உள்ள மவுசு நம் கல்யாணப் பட்டுக்குக்கூட இல்லை. முதலில் கம்பெனியே செய்து விற்றது. 2019-லிருந்து வெளியாரும் செய்து விற்க வழி விட்டார்கள்.

இதில் 'ரீடெக்ஸ்சர்' என்று ஒரு வேலை உண்டு. தொப்பியின் வடிவத்தைத் தொடக்கூடாது. மேல்தோலை மட்டும் மாற்ற வேண்டும். என் பேத்தி தன் கணினியில் அதைத்தான் பழகுகிறாள். நீலத்தைப் பச்சையாக்குவாள், பச்சையில் மினுக்குத் தூவுவாள், பிறகு "ஐடியாவே வரமாட்டேங்குது தாத்தா" என்பாள்.

கம்பெனியே அந்த வழியில் போனதுதான். 'ஸ்பார்க்கிள் டைம் ஃபெடோரா' என்ற மினுக்குத் தொப்பியை ஊதா, சிவப்பு, கறுப்பு என்று வேறு வேறு நிறத்தில் விட்டது. அரிய சரக்கு என்று விலை ஏறியது. அது வியாபாரம். அதைக் கற்பனை என்று நான் ஒப்ப மாட்டேன்.

நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை. காந்தி குல்லாயைப் பாருங்கள். வெள்ளைக் கதரில் இருந்தால் காங்கிரஸ். சிவப்பானால் சமாஜ்வாதி. அதிலேயே 'நான் சாமானியன்' என்று இந்தியில் எழுதினால் கேஜ்ரிவால் கட்சி. தையல் ஏறக்குறைய ஒன்றுதான், போட்டிருக்கும் ஆள் மாறிவிடுகிறார். இதை போட்டுக்கொள்பவன் யார், எதனால் செய்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது? இந்த மூன்றையும் கேட்காமல் சாயத்தைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

ஆகவே அவளைத் திரையிலிருந்து கிளப்பி வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். எவர்சில்வர் தூக்கு, துருப்பிடித்த கேட், கொட்டாங்குச்சி, மண்பானை. சீமான்கள் போடும் உயரத் தொப்பி சுட்ட மண்ணில் இருந்தால் எப்படி இருக்கும்? விளிம்பில் ஒரு சின்ன விரிசல், கை பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் கறை. கறைதான் முக்கியம். புத்தம் புதிதாக இருந்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் அவள் எடுத்தது செய்தித்தாள். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் மடித்துப் போட்டுக்கொள்வார்களே, அந்தக் காகிதத் தொப்பி. தொப்பியின் தோலைக் கணினி ஆரஞ்சுத் தோல் மாதிரி உரித்துத் தட்டையாகப் பரப்பிக் காட்டுகிறது. அதன்மேல் வரைந்தால் மறுபடி சுற்றி ஒட்டிவிடும். துண்டுகள் சேரும் இடத்தில் வரிகள் ஒட்டாமல் தெறித்து நிற்கும். தையற்காரர் கட்டம் போட்ட துணியைச் சேர்க்கப் படும் பாடு அது. இன்னொரு வம்பு, இடம் மிச்சம் பிடிக்க இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஒரே படத்துண்டைப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் செய்தி நேராக, மறுபக்கம் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி!

எழுத்தை மங்கலாக்கிச் சமாளித்துவிட்டாள். அடுத்தது பனையோலையாம். பின்னல் விளிம்பில் எப்படி மடங்கும் என்று கேட்கிறாள். பரணில் பழைய விசிறி ஒன்று கிடக்கிறது, எடுத்துக் கொடுக்க வேண்டும்.