விழித்திரையில் தெரியும் நரம்புக் கணக்கு

முப்பது வயதுக்காரர் ஒருவருக்குத் திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் பார்வை திரும்புகிறது. கண் டாக்டரின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுகிறார். குணமாகிவிட்டது என்ற நிம்மதியில் அடுத்த பரிசோதனையை மறந்துவிடுகிறார்.

ஆபத்து இந்த நிம்மதியில்தான் இருக்கிறது. பார்வை நரம்பில் ஏற்படும் இப்படிப்பட்ட அழற்சி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். 1868-ல் பாரிஸில் டாக்டர் ழான் மார்ட்டின் ஷார்கோ விவரித்த நோய் இது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, நரம்பிழைக்கு மயலின் அப்படி. சிதைந்த உறை ஓரளவு மீண்டும் உருவாகலாம். ஆனால் உள்ளே இருக்கும் இழை அழிந்தால் மீண்டும் வளராது. நிரந்தர ஊனத்துக்கு இந்த இழப்பே முக்கியக் காரணம்.

மூளையில் உள்ள தழும்புகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். ஆனால் அங்கே உறையும் இழையும் பின்னிக் கிடப்பதால், எது எவ்வளவு போயிற்று என்று பிரித்து அளப்பது கடினம். கண்ணில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் மூளைக்குச் செல்கின்றன. பெரும்பாலோருக்கு, கண்ணைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவற்றுக்கு மயலின் உறை தொடங்குகிறது. விழித்திரைக்குள் அவை உறையில்லாத இழைகள். அந்த அடுக்கு மெலிந்தால் இழைகள் குறைந்துவிட்டன என்று பொருள்.

1974-லேயே ஃப்ரிசேன், ஹாய்ட் என்ற இரு டாக்டர்கள் இந்த மெலிவைக் கண்டு எழுதினார்கள். துல்லியமாக அளக்கத்தான் கருவி இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, 1991-ல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் வெளியிட்ட ஓ.சி.டி. ஸ்கேன். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளை இது படமாக்குகிறது. ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிர் கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆரோக்கியமான கண்ணில் இந்த நரம்பிழை அடுக்கின் தடிமன் சராசரியாக 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அறிக்கைப்படி, அழற்சி வந்துபோன கண்களில் சராசரியாக 20 மைக்ரான் குறைந்திருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் அழற்சியே வராத கண்களிலும் 7 மைக்ரான் குறைந்திருந்தது. நோயாளிக்குத் தெரியாமலே இழப்பு நடக்கிறது. இந்த அடுக்கு 88 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் ஊனம் கூடும் அபாயம் சுமார் இரு மடங்கு என்றது 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு.

நோயைக் கண்டறியும் மெக்டொனால்டு விதிமுறைகளின் 2024-ம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பையும் நோய் தாக்கும் இடங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கு பாதிப்பு உண்டா என்று காட்ட ஓ.சி.டி.யும் பயன்படலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. கிளாக்கோமாவிலும் இந்த அடுக்கு மெலியும். அழற்சி தொடங்கிய நாட்களில் வீக்கத்தால் தடித்துக்கூடத் தெரியும். உண்மையான இழப்பு வெளிப்பட மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். ஒரு கம்பெனியின் மெஷின் தரும் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இந்த ஸ்கேன் எம்.ஆர்.ஐ.க்கு மாற்றும் அல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்காகவும் கிளாக்கோமாவுக்காகவும் நம் நகரங்களின் கண் மருத்துவமனைகள் பலவற்றில் இந்த மெஷின் ஏற்கனவே இருக்கிறது. கண் டாக்டரின் ரிப்போர்ட் நரம்பியல் டாக்டரின் மேஜைக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம். பார்வை நரம்பு அழற்சி வந்தவர்கள் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த ஸ்கேனைக் கூடியவரை அதே மெஷினில் எடுக்க வேண்டும். இரண்டையும் இரு டாக்டர்களிடமும் காட்ட வேண்டும். இழந்த இழை திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காக்க மருந்துகள் உண்டு. அவற்றைத் தாமதமின்றித் தொடங்க அந்த ரிப்போர்ட் உதவக்கூடும்.